சேனாதிபதி பஸ்ஸு நெத்தியில எழுதுனவன்

ஆமாங்க அசரத்து, சேனாதிபதி முதலாளி பஸ்ஸுல எழுதுன பெயிண்டர் தங்கமுத்து நாந்தான். பள்ளிவாசல் வாசல்ல நின்னுக்கிட்டு இல்லேன்னு சொல்லுவனா? சண்டைக்கெல்லாம் வரலீங்க. நான் எழுதுன எழுத்து ஒண்ணு கெடக்கு. அது சரியா இருக்கான்னு நீங்க வந்து பாத்துச் சொல்லணும், அம்புட்டுத்தான் சோலி. எங்கயா? சொல்றேன். மொதல்ல நடந்ததக் கேட்டுருங்க.

போன வருசம் உங்க கபர்ஸ்தான் கேட்டுக்குப் பச்ச பெயிண்டு அடிக்க வந்தேன். ஒரு நா வேல, நாலு நா ஆச்சு. உள்ள ஒரு காப்பிக்கொட்ட யாவாரியோட சமாதிக் கல்லு நிக்கிதுல்ல, அதுல செதுக்கியிருந்த அரபி எழுத்தப் பாத்தேன், கெட்டேன். பதினஞ்சு வருசமா கொடைக்கானல் லாட்ஜு போர்டெல்லாம் நாந்தான் எழுதுறேன். இங்கிலீசு, தமிழு, எல்லாம் படிச்சா முடிஞ்சு போற எழுத்து. இது அப்பிடியா? கோடு நெட்டுக்கு நிக்கிது, அடியில அருவா மாதிரி வளையுது, ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து வருது, ஆனா எதுவும் எதையும் இடிக்கல. அந்த எழுத்து வகைக்குப் பேரு துலுத்துன்னு பின்னாலதான் தெரிஞ்சுச்சு. பேரு தெரியாமயே ஆச வச்சுட்டேன். ராவும் பகலும் அதே நெனப்பு. யாரு அந்தப் பொம்பளைன்னு கேட்டா எம் பொண்டாட்டி கந்தம்மா. எழுத்துடின்னேன். நம்பல.

அர்த்தமா? நான் யார்கிட்டயும் கேக்கலீங்க. அம்புட்டு அழகா இருக்கே, ஏதோ வாழ்த்துன்னு நெனச்சுக்கிட்டேன். அந்த நேரம் பாத்துத்தான் முதலாளி கூப்ட்டாரு. மூணு மதத்துக்காரனும் ஏறுற பஸ்ஸு, முன்னால ஆளுக்கு ஒண்ணா எழுதுன்னாரு. முருகன் துணைன்னு எழுதுனேன். ஒரு சிலுவ போட்டேன். நடுவுல, நல்லாப் பெருசா, உங்களுக்கு அந்தக் கல்லுல இருந்தத.

மொத நா உருளக்கிழங்கு யாவாரம் பண்ணுற இப்ராம்சா பாய் படியில ஒரு கால வச்சாரு. நெத்தியப் பாத்தாரு. கால எறக்கிட்டாரு. மூணு நா ஒரு பாயும் ஏறல. நாலாம் நாத்தான் அவரு என்னக் கூப்ட்டுச் சொன்னாரு, தம்பி, இது எங்காளுக மௌத்துச் செய்தி, சாவுச் செய்தி கேட்டா சொல்றது, நாம அல்லாவுக்குச் சொந்தம், அவங்கிட்டயே திரும்பிப் போறவுகன்னு அர்த்தம்னாரு. மலப்பாதையில போற பஸ்ஸுங்க. அன்னைக்கே அழிச்சுட்டு ஒரு பெறை வரஞ்சேன். பெறையில என்ன இருக்கு, யாரும் வரையலாம்.

வீட்டுச் சுவத்துல எழுதியிருந்ததையும் கந்தம்மா நின்னு அழிக்க வச்சா. கைப்பிள்ள இருக்குற வீடுன்னா. அவ சொன்னதும் நாயந்தான்.

இந்தா வந்துட்டேங்க எடத்துக்கு. பஸ்ஸு இல்ல, சுவரும் இல்ல. ஓடைக்கு மேல, நாங்க சின்னப் பிள்ளைகளப் பொதைக்கிற மேடு. தை மாசம் எங்க பாப்பா போயிருச்சு. எட்டு மாசம். மூணு நா காய்ச்ச. சின்னதா ஒரு கல்லு நட்டு வச்சேன். யாரு காலும் படாதுங்க, சுத்தி வேலி போட்டிருக்கேன். இந்தத் தடவ அர்த்தம் தெரிஞ்சுதான் அதுல எழுதியிருக்கேன். புள்ளி கிள்ளி விட்டுப்போயிருந்தா மனசு தாங்காது.

கந்தம்மா வெள்ளனே இருந்து அங்கதான் உக்காந்திருக்கா. அவதாங்க இதையே எழுதச் சொன்னா.