நூற்றைம்பதும் நானூறும்

ஒரு காலன் என்பது ஏறக்குறைய நாலரை லிட்டர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதை ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்குத்தான் வருவதில்லை. லிட்டர் வந்து இத்தனை வருடமாகியும் காரைக்குடிக் கடைத்தெருவில் பாதிப் பேர் பழைய அளவில்தான் பேசுகிறார்கள்.

நேற்று உங்கள் ஏட்டையா என் வீட்டு வாசலில் நின்று யாரிடமோ, "டீச்சரம்மா கணக்குல தப்புப் பண்ணிட்டாக, பாவம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது என் காதில் விழுந்தது. அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன், ஐயா. கணக்குப் பாடம் நடத்துகிறவளுக்கு அப்படி ஒரு பேர் வேண்டாம்.

என் கணவர் வியாகுலம் கிணற்று வேலை எடுத்துச் செய்கிறவர். வற்றிய கிணற்றின் அடியில் பக்கவாட்டாகக் குடைந்து ஊற்றுக் கண்ணைத் தேடுவது அவர் தொழில். குடிக்க மாட்டார். என்னை அடித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் விட்டு நான் வீட்டுக்குள் நுழைந்ததும் வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார், அவ்வளவுதான். "உள்ள இருக்கதுக்கு உனக்கு என்ன கொறை? காத்து இல்லையா, வெளிச்சம் இல்லையா?" என்பார். இரண்டும் இருந்தன. சிங்கம்புணரியில் என் தாய் இறந்தபோது, சொல்ல வந்த ஆள் சன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனார். இவர் வேலை முடிந்து வந்து திறந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. பங்குச் சாமியாரிடம் சொன்னேன். பொறுத்துக்கொள்ளச் சொன்னார். பொறுத்துக்கொண்டேன்.

கருப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளும் அவள் புருஷன் சேவுகனும் இவரிடம் வேலை செய்தார்கள். அவன் குடைவான், அவள் மண் இறைப்பாள். ஒருமுறை நான் பூட்டிய வீட்டுக்குள் காய்ச்சலில் கிடந்தபோது அவள்தான் சன்னலில் வந்து பார்த்தாள். சொம்பு கம்பிக்குள் நுழையவில்லை. முந்தானையை நனைத்து நனைத்து என் வாயில் பிழிந்தாள். நல்ல பெண்.

இப்போது வரும் பம்புகளில் எல்லாம் லிட்டர்தான் பொறித்திருக்கிறது. என் கணவர் காலனில் பழகியவர். எத்தனை என்று கேட்பாரே தவிர, எந்த அளவில் என்று கேட்க மாட்டார். மாற்றிச் சொல்வதற்காகவே விடுமுறை நாளில் என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப்போவார். பள்ளிக்கூடம் தவிர நான் வெளியே போக இருந்த ஒரே வழி அந்தக் கணக்குதான். அதனால் அதை ஒருநாளும் தவறாகப் போட்டதில்லை.

சனிக்கிழமை நாச்சியாபுரத்துக் கிணற்றுக்குப் போனோம். பெரிய பம்பு காலையில் கிணற்றை வற்ற இறைத்த கையோடு பழுதாகிப் பட்டறைக்குப் போய்விட்டது. வாடகைக்கு வேறொன்று கொண்டுவந்திருந்தார். இறக்கி வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பாத்தா சிறிசா இருக்கே. ஊத்து எம்புட்டு வருது?"

"நூத்தம்பது" என்றேன்.

"இது எம்புட்டு இழுக்கும்?"

"நானூறு."

இரண்டும் சரியான எண்கள். ஊற்று நிமிடத்துக்கு நூற்றைம்பது காலன். பம்பு நிமிடத்துக்கு நானூறு லிட்டர், அதாவது தொண்ணூறு காலன்கூட இல்லை. நீங்கள் வேண்டுமானால் போட்டுப் பாருங்கள்.

"அப்ப ரெண்டு பங்குக்கு மேலயே இழுக்கும்" என்று சிரித்தார்.

கிணற்றின் அடியில் பக்கவாட்டாகக் குடைந்திருந்த சுரங்கத்தின் வாய் தாழ்வானது. தவழ்ந்துதான் போக வேண்டும். உள்ளே போனால் நிமிர்ந்து உட்காரலாம். வாய்ப்பக்கம் தண்ணீர் ஏறினால் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் உள்ளே இருப்பவர் இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பது. தண்ணீர் ஏறினால் கயிற்றை இழுக்க வேண்டும். அன்று கயிறு என் கையில் இருந்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவரும் சேவுகனும் உள்ளே குடைந்துகொண்டிருந்தார்கள். கருப்பி எட்டிப் பார்த்தாள்.

"டீச்சரம்மா, தண்ணி ஏறுற மாதிரி இருக்கே. பாத்தீகளா?"

"ஊத்து நூத்தம்பது, பம்பு நானூறு. இறங்கிரும், கருப்பி."

படித்தவள் சொன்னால் அவள் மறுத்துப் பேச மாட்டாள். இருந்தாலும் எட்டி எட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தால் பயந்துபோவாள் என்று, "சேவுகனுக்குப் பசிக்கும், போய்க் கஞ்சி எடுத்துட்டு வா" என்று அனுப்பினேன்.

அவள் போன பிறகு சுரங்கத்தின் வாயைத் தண்ணீர் மூடியது. சத்தமே இல்லை. ஒரு கறுப்புக் கோடு மாதிரி இருந்தது, அப்புறம் அதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கயிறு என் கைக்குள் வெட்டி வெட்டி இழுத்தது. நான் விடவில்லை, இழுக்கவும் இல்லை. உள்ளங்கையில் தோல் உரிந்திருப்பதை நீங்களே பார்த்தீர்கள். உள்ளே உட்கார இடம் இருந்தது. காற்றும் கொஞ்ச நேரம் இருந்திருக்கும். அதை நினைத்துக்கொண்டு நின்றேன். பிறகு கயிறு தளர்ந்தது.

கருப்பி கஞ்சிக் கலயத்தோடு வந்தாள். கிணற்றைப் பார்த்தாள். கலயத்தை உடைக்காமல் பதமாகத் தரையில் வைத்துவிட்டு, "எங்க அவுக?" என்று என்னைக் கேட்டாள். அவள் கூச்சல் போட்டது அதற்கப்புறம்தான்.

உங்கள் அறிக்கையில் சேவுகன் தானாக இறங்கியதாக எழுதியிருக்கிறீர்களாம். அதைத் திருத்திவிடுங்கள். வியாகுலம் அன்றைக்குத் தனியாக இறங்க யோசித்தார். "நாளைக்குப் பாப்பமா" என்றார். நாளைக்குப் பெரிய பம்பு பட்டறையிலிருந்து வந்துவிடும். "சேவுகனையும் கூட்டிக்கிட்டு இறங்குங்க, வேலை வெரசா முடியும்" என்று சொன்னது நான். சேவுகன் இறங்கும்போது தலைத்துண்டை அவிழ்த்து, வெயிலுக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கருப்பியிடம் கொடுத்தான். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் இரண்டு நாளாக ஸ்டேஷன் வாசலிலேயே அந்தத் துண்டோடு உட்கார்ந்திருக்கிறாளாம். வரும்போது நானும் பார்த்தேன். அழட்டும், ஐயா, யாரும் தடுக்க வேண்டாம். புருஷன் இல்லாத வீட்டில் எவ்வளவு நிம்மதி என்பது அவளுக்கும் போகப் போகத் தெரியும்.