சதுப்புக்காரிமேல் பழி இல்லை

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

உங்கள் நாவலின் ஆறாம் அத்தியாயத்தை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, அறையில் ஐந்து பேர் இருந்தோம். கண்புரை உள்ள கணக்கு வாத்தியார் ஜன்னலோரம். எந்நேரமும் அழைப்பு வரலாம் என்பதால் நர்ஸம்மா கதவை ஒட்டி. சுவரோரப் பெஞ்சில் என் அண்ணனும் அண்ணியும். மேஜைக்குப் பின்னால் நான். இருப்பது ஒரே பிரதி. வாய்விட்டு வாசிப்பது என் வேலை. வாரம் ஒரு அத்தியாயம். முடிந்ததும் வாத்தியார் புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுவார். யாரும் முந்திக்கொண்டு படித்துவிடக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

உங்கள் புத்தகம் ஓர் உயிரைக் குடித்துவிட்டது என்று வாத்தியார் உங்களுக்கு எழுதியதை அறிவேன். மறுபதிப்பை நிறுத்திவிடுவதாக நீங்கள் எழுதிய பதிலையும் எங்களுக்குப் படித்துக் காட்டினார். அது அநியாயம். நடந்ததைத் தேதிவாரியாகச் சொல்கிறேன்.

ஆறாம் அத்தியாயத்தில் சதுப்புக்காரி, தான் சேற்றுக்குள் இழுத்துக்கொண்ட குழந்தையை மடியில் கிடத்திப் பேன் பார்க்கிறாள். அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டேன். நாற்பத்துமூன்று வயது ஆள், எல்லார் முன்னாலும் விசும்பி அழுதேன். நர்ஸம்மா தண்ணீர் கொடுத்தார்.

"டேய், அது பேய்டா," என்றான் அண்ணன். "பேய்க்குப் போய் எவனாவது அழுவானா? உனக்கும் பேன் பாக்க ஆள் வேணும்னா சொல்லு, உங்க அண்ணிகிட்ட சொல்லி வைக்கிறேன்."

"சும்மா இருங்க, பாவம்," என்று சொல்லிக்கொண்டே அண்ணி சிரித்தாள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. சிரிக்கும்படிதான் இருந்தது.

அண்ணனும் நானும் உறைய வைத்த மீனைச் சேமிக்கும் கிடங்கில் வேலை பார்த்தோம். அவன் மேற்பார்வை. நான் மணிக்கொரு தரம் ஒவ்வோர் அறையின் குளிரையும் பதிவேட்டில் எழுதுபவன். திங்கள் முதல் அவன் சுமையாட்களுக்கு என் அழுகையை நடித்துக் காட்டினான். நன்றாகவே நடித்தான். புதன்கிழமை, பெயர்கூடத் தெரியாத லாரிக்காரன் ஒருவன் என்னைப் பார்த்து மூக்கை உறிஞ்சினான். அந்த மூன்று நாளும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. இதைக் கோபம் என்று சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை காலையில் மூன்றாம் அறைக் கதவின் உள்கைப்பிடி கழன்றிருந்ததைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினேன். உள்ளே போனவர் தாமாக வெளியே வர முடியாது. அப்படியானால் கதவில் எச்சரிக்கை அட்டை மாட்ட வேண்டும். மாட்டுவதற்குள் அண்ணன் போய்விட்டான் என்று விசாரணையில் சொன்னேன். அது பொய். அட்டை என் இழுப்பறையில்தான் இருந்தது. பகல் இரண்டு மணிக்கு அவன் கதவை விரியத் திறந்துவைத்து உள்ளே போனான். குளிர் வீணாகிறதே என்று நான் சாத்தினேன்.

சுமையாட்கள் பின்வாசலில் இருந்தார்கள். அவன் செல்போன் என் மேஜையில் சார்ஜில் கிடந்தது.

மூன்று தடவை கூப்பிட்டான். முதலில், "டேய், கதவு சாத்திக்கிச்சு பாரு." அப்புறம், "தம்பி, விளையாடாதடா." மூன்றாவது சரியாகக் கேட்கவில்லை. மூன்று மணிக்கு, நான்கு மணிக்கு, ஐந்து மணிக்கு அளவு எடுத்து எழுதினேன். எழுத்து கோணவில்லை. வேலை முடிந்ததும் கிடங்கைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"உங்க அண்ணன் எங்க?" என்று அண்ணி கேட்டாள்.

"வந்துடும் அண்ணி. வேலை முடியல."

மறுநாள் காலை அந்தக் கதவைத் திறந்தவனும் நானே. தட்டித் தட்டி அவன் கைகள் கன்றியிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். அழுதுவிடலாம் என்று முயன்றேன். வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஏழாம் அத்தியாயம் வாசித்தோம். சதுப்பிலிருந்து தம்பி மூன்று முறை கூப்பிடுகிறான்; சதுப்புக்காரிதான் குரல் மாற்றிக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து அண்ணன்காரன் பதில் கொடுக்காமல் நிற்கிறான். அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"போதும் நிறுத்துப்பா. இந்தப் புத்தகம் நமக்கு ஆகாது," என்று வாத்தியார் பாதியிலேயே வாங்கிப் பூட்டிவிட்டார்.

எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. அந்தத் தம்பி எவ்வளவு நல்ல பையன்.

ஆக, வியாழக்கிழமை முந்தியது, ஏழாம் அத்தியாயம் பிந்தியது. கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கணக்கு எப்படிப் பிடிபடாமல் போனதோ. தயவுசெய்து மறுபதிப்பைக் கொண்டுவாருங்கள். அந்தப் பையன் கரையேறினானா இல்லையா என்று தெரியாமல் நான் தூங்கிப் பல நாளாகிறது.

அண்ணி இப்போதுதான் வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கு தம்பி இவ்வளவு நீளமா?"

"அந்தக் கதை எழுதினவங்களுக்கு."

"நானும் அழுதேன்னு ஒரு வரி போடுங்க."

போட்டுவிட்டேன். அவள் கடைக்குக் கிளம்புகிறாள், போகிற வழியில்தான் தபால்பெட்டி. உறையை நன்றாக ஒட்டி அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடச் சொல்ல வேண்டும். என்னை விட்டால் அவளைக் கவனிக்க இப்போது யார் இருக்கிறார்கள்.