கனம் நீதிபதி அவர்களே, துணி கருகுது!

— பாட்டுப் புத்தகம் எப்போலேருந்து இவ்வளவு தடியாச்சு, சிஸ்டர்?

— மதர்! நீங்களா... நான் சமையல்காரம்மான்னு நினைச்சேன்.

— சமையல்காரம்மாவா இருந்தா மறைச்சிருக்க மாட்ட. எங்கே, காட்டு.

— பழைய பாட்டெல்லாம் சேத்து பைண்டு பண்ணது, மதர்...

— அப்படியா? எண்பதாம் பக்கம் படிக்கிறேன், கேளு. “ஒப்பந்தத்தை மீறிய தரப்பினர் நட்டஈடு வழங்கக் கடமைப்பட்டவர்...” இதை எந்த ராகத்துல பாடணும்? அட்டையை மட்டும் உரிச்சு ஒட்டியிருக்க. பசைகூட இன்னும் காயலை.

— சொல்லிடறேன், மதர். முழுசா சொல்லிடறேன். நீங்க முதல்ல அந்த ஸ்டூல்ல...

— முதல்ல இஸ்திரிப் பெட்டியைத் தூக்கு! பீடத் துணி கருகுது!

— ஐயையோ!

— நல்லவேளை, ஓரம்தான். உள்பக்கமா மடிச்சுட்டா யாருக்கும் தெரியாது.

— பாத்தீங்களா, நீங்களும் ஒண்ணு மறைக்கிறீங்க.

— வாயைப் பாரு! நம்ம மடத்துல இந்த வாய் வேற யாருக்கும் கிடையாது. ம், சொல்லு. எதுக்கு இந்தப் புத்தகம்?

— லா காலேஜ்ல... சாமியாருங்க, சிஸ்டருங்க படிச்சா ஃபீஸே வேண்டாம்னு நோட்டீஸ் போட்டிருந்தாங்க. ஆயிரம் பேரோட பேரா நுழைவுத் தேர்வு எழுதினேன்.

— எப்போ?

— போன மாசம். நீங்க ஏதோ மீட்டிங்னு ஊர்ல இல்லையே, அன்னிக்கு.

— அன்னிக்கு உனக்குப் பல்வலின்னுல்ல சொன்னாங்க?

— பல்வலின்னு நான் சொல்லலை, மதர். பல் டாக்டர் கிளினிக் பக்கம் போயிட்டு வரேன்னேன். காலேஜ் அதுக்கு எதிர்லதான் இருக்கு.

— அடேங்கப்பா! படிக்கிறதுக்கு முன்னாடியே வக்கீலாயிட்ட.

— மன்னிச்சுடுங்க, மதர்...

— அது இருக்கட்டும். காலையில தபால்ல உனக்கு ஒண்ணு வந்துச்சு. இந்தா.

— மதர்! இதைக் கையில வெச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் பாட்டுப் பாடச் சொன்னீங்க? பிரிச்சுப் பாத்துட்டீங்களா?

— உன் பேரு போட்ட கவரை நான் ஏன் பிரிக்கணும்?

— கனமா இருக்கே. கனமா இருந்தா நல்லதா, கெட்டதா?

— பிரிச்சாத் தெரிஞ்சுட்டுப்போகுது.

— நீங்களே பிரிச்சுப் படிங்க... வேண்டாம், நாளைக்குப் படிப்போம்... இல்லை, படிங்க!

— “மதிப்பிற்குரிய சகோதரிக்கு. எங்கள் கல்லூரியின் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தமைக்கு நன்றி...”

— நன்றின்னு ஆரம்பிச்சா இல்லைன்னு அர்த்தம். போச்சு.

— இரு. “விண்ணப்பித்திருந்த குருக்கள், துறவியர் பதினேழு பேரில்...” எழுத்து ஏன் இவ்வளவு பொடிசா இருக்கு? என் கண்ணாடி எங்கே?

— தலையில இருக்கு, மதர்!

— ஆமால்ல. “...பதினேழு பேரில் இருவருக்கு மட்டுமே இடமளிக்க இயலும் என்பதால்...”

— அதான் சொன்னேனே...

— குறுக்கே பேசாத. “...என்பதால், நீண்ட பரிசீலனைக்குப் பின், அந்த இருவரில் ஒருவராகத் தங்களை...” ஏய்! ஏய்! இறங்கு! மேசை மேல ஏன் ஏறுற?

— மதர் மதர் மதர்!

— அங்கி தடுக்கி விழப்போற... என்னை விடு, மூச்சு முட்டுது... கண்ணாடி, கண்ணாடி!

— உடைஞ்சா ரெண்டு வாங்கித் தரேன்!

— எதை வெச்சு? உன் பேருல ஒரு பேனாகூடக் கிடையாது. உக்காரு. இன்னும் முடியலை. “தங்கள் மடத் தலைவியின் எழுத்துபூர்வமான அனுமதியை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்.” ஏன் அப்படியே அடங்கிட்ட?

— உங்க அனுமதி வேணும், மதர்.

— இப்பவா ஞாபகம் வந்துச்சு? முன்னாடியே ஏன் கேக்கலை?

— நாப்பத்தாறு வயசுல என்ன படிப்புன்னு சிரிப்பீங்கன்னு...

— சிரிச்சிருப்பேன்தான்.

— நீங்க வேண்டாம்னுட்டா நான் கீழ்ப்படியணும். அதான், தோத்துட்டா யாருக்கும் தெரிய வேண்டாம், ஜெயிச்சா கால்ல விழுந்துடலாம்னு...

— காலை விடு. ஏன் படிக்கணும்னு சொல்லு. நான்தான் ஜட்ஜு. நேத்து கொடியில காயுற போர்வைகிட்ட சொன்னியே, அதே மாதிரி.

— அதையும் பாத்தீங்களா!

— மொட்டை மாடியில நின்னு அத்தனை பணிவா குனிஞ்சா பாக்காம? ம், ஆரம்பி.

— கனம் நீதிபதி அவர்களே... சிரிக்காதீங்க, மதர்.

— நீதிமன்றம் சிரிக்கலை. இருமுது.

— நம்ம விடுதியில தையல் தைக்கிற பொண்ணு. பிள்ளைங்க யார்கிட்ட இருக்கணும்ங்கிற அவ வழக்கு வந்த அன்னிக்கு நம்ம வக்கீல் வரலை. புருஷனோட வக்கீல் எழுந்து நாலே வரி பேசினார். தாய்க்கு வீடு இல்லை, வருமானம் இல்லை, எங்கேயோ விடுதியில கிடக்கிறாள்னு. வருமானம் இல்லையா? ராத்திரி பகல்னு தைக்கிறாளே, மதர்! நான் எழுந்து நின்னேன்.

— ம்.

— “நீங்க யாரு?”ன்னார் ஜட்ஜு. சிஸ்டர்னேன். “வக்கீலா?”ன்னார். இல்லைன்னேன். “உக்காருங்க”ன்னார்.

— உக்காந்துட்ட.

— உக்காந்துட்டேன். ரெண்டு பிள்ளைங்களையும் அப்பன் கூட்டிட்டுப் போனான். சின்னவன் எனக்கு டாட்டா காட்டிட்டே போனான், மதர். ஏதோ டூருக்குப் போற மாதிரி.

— நானும் அன்னிக்கு வெளியே பெஞ்சுலதானே இருந்தேன். அந்தப் பொண்ணு என் தோள்ல சாஞ்சுக்கிட்டு, “நாம ஏன் மதர் ஒண்ணுமே பேசலை?”ன்னு கேட்டா.

— நீங்க இதைச் சொன்னதே இல்லையே...

— நீ மட்டும் சொன்னியா? சரி, அவ வழக்கு நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருக்காதே.

— அதுக்குத்தான் வேற வக்கீலம்மா வெச்சு அப்பீல் போட்டாச்சே. நான் சொல்றது அடுத்து வர்றவளுக்கு. இனிமே யாராவது “உக்காருங்க”ன்னா நான் உக்காரக் கூடாது. அவ்வளவுதான். மதர்? அழறீங்களா?

— பேனாவை எடு.

— நிஜமாவா? இந்தாங்க! இது எழுதாது, இந்தாங்க, இதுவும் எழுதாது... இது எழுதும்!

— விடுதியை யாரு பாத்துப்பா?

— எல்லாம் சாயங்கால வகுப்புதான். பகல்ல நான் இருக்கேன். சாயங்காலம் நீங்க...

— சாயங்காலம் நானா? அது... அது சரிப்படாது. புது சிஸ்டருங்க ரெண்டு பேர் சும்மாதானே இருக்காங்க, பாத்துக்கட்டும்.

— சரி, மதர். அந்த இன்னொரு ஆளு யாருன்னு தெரியுமா? நேத்தே நான் காலேஜுக்குப் போன் போட்டுக் குடைஞ்சேன். முதல் ஆளு முடிவாயிடுச்சு, கொஞ்சம் வயசானவங்கன்னு மட்டும் சொன்னார் குமாஸ்தா.

— வயசானவங்கன்னா சொன்னார்?

— யாரோ பெரியவர், ஃபாதரா இருக்கும். முன் பெஞ்சுல உக்காந்து குறட்டை விடப்போறார்.

— முதல் மார்க்கு வாங்கின ஆளு எதுக்குக் குறட்டை விடணும்?

— வகுப்பு மூணாவது மாடியாம். முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். நான்தான் பையைச் சுமக்கணும்.

— சுமந்தா குறைஞ்சா போயிடுவ?

— ஏன் மதர் உங்களுக்குக் கோவம் வருது?

— எனக்கென்ன கோவம்? இந்தா, கையெழுத்து போட்டாச்சு. பத்திரமா வை.

— ஒரு வார்த்தைகூடத் திட்டலையே! மதர்... இதுக்குப் பெரிய மதரோட கையெழுத்தும் வேணுமா? நாளைக்கே பஸ் பிடிச்சு தலைமை மடத்துக்குப் போகட்டுமா?

— வேண்டாம். போன வாரமே நான் போய் வாங்கிட்டு வந்துட்டேன்.

— எனக்காகவா? மதர்! நீங்க உயிரோட இருக்கிற புனிதை! அந்தக் கன்னத்தை இப்படிக் குடுங்க... இருங்க, லெட்டரே இன்னிக்குத்தானே வந்துச்சு? போன வாரமே எப்படி...?

— உனக்கு என் கையெழுத்தே போதும்மா. பெரிய மதர் போட்டது எனக்கு.