இரண்டு அலமாரிகளும் பதினான்கு ஊசிகளும்

பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது ஐம்பத்திரண்டு. அரசு மருத்துவமனையில் இருபத்தாறு ஆண்டுகளாக மருந்தாளுநர். ஆய்வாளர் கேட்டதன் பேரில் சொல்வதாவது:

எங்கள் மருந்துக் கிடங்கில் இரண்டு இரும்பு அலமாரிகள் உண்டு. ஒன்று காசநோய்த் திட்டத்துக்கானது. வெளிநாட்டு நிதியில் எப்போதும் நிறைந்திருக்கும். மற்றது பொது நோயாளிகளுக்கானது. அரசுக்குக் கடன் கொடுத்தவர்கள் சுகாதாரச் செலவைக் குறைக்கச் சொன்ன பிறகு காலியாகவே கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. சில ஊசி மருந்துகள் இரண்டு வகை நோயாளிகளுக்கும் உதவும். ஆகவே இரண்டையும் ஒன்றாக்கக் கோரி மூன்று கடிதம் எழுதினேன். 'கொள்கை முடிவு' என்று ஒரே வரியில் பதில் போட்ட இயக்குநர் என்னோடு படித்தவர்; என்னைவிடக் குறைந்த மதிப்பெண்.

அதன் பிறகு சென்ற மாதக் கடைசியில் என் தங்கை சிறுநீரகத்தில் கிருமித் தொற்றோடு சேர்க்கப்பட்டாள். ஏற்றுமதித் துணி ஆலையில் தையல் வேலை செய்பவள். மருத்துவர் பதினான்கு நாள் ஊசி எழுதினார். பொது அலமாரியில் இல்லை. வெளிக்கடையிலும் இல்லை, அதைத் தயாரிக்கும் கம்பெனி இப்போது திட்டங்களுக்கு மட்டுமே விற்கிறது. அதன் பிறகு நான் திட்டக் கணினியில் தங்கை பெயரைப் பதிந்து, நோய் என்ற கட்டத்தில் 'காசநோய்' என்று எழுதி, ஊசியை எடுத்துக் கொடுத்தேன். குணமானதும் அழித்துவிடலாம் என்று நினைத்தேன். மருந்தாளுநருக்குப் பதியத்தான் அனுமதி, அழிக்க இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அதன் பிறகு அந்தப் பதிவிலிருந்து ஆலைக்குத் தகவல் போனது. வெளிநாட்டில் துணி வாங்குபவர்களின் விதி என்று சொல்லி அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மருத்துவமனையில் அவளை உண்மையான காசநோயாளிகள் இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் வழியாகத்தான் பேசினேன்.

"அண்ணா, எனக்கு இருமலே இல்லையே. என்னன்னு எழுதி வச்ச?" என்றாள்.

"ஊசி வேணும்னா அப்படித்தாம்மா எழுதணும்."

"படிச்சவன் நீ எழுதிட்ட. இப்ப யாரு அழிக்கிறது?"

அதன் பிறகு மருத்துவரிடம் போய் பதிவைத் திருத்தச் சொன்னேன். "திருத்தினா அன்னிக்கே ஊசி நின்னுடும் சார். ஒன்பது போட்டாச்சு, அஞ்சு பாக்கி. பாதியில விட்டா கிருமி திரும்பும். அப்புறம் இந்த ஊசிக்கும் கேக்காது" என்றார்.

ஜன்னலில் நாங்கள் பேசியதைக் கேட்டு என்மீது புகார் கொடுத்தவர் அந்த அறையைத் துப்புரவு செய்யும் அம்மாள். சென்ற ஆண்டு அவருடைய கணவருக்கு இதே ஊசியை எழுதியிருந்தார்கள். விதியில் இடமில்லை என்று நான்தான் திருப்பி அனுப்பினேன். கணவர் இறந்துவிட்டார். நேற்று தாழ்வாரத்தில் அந்த அம்மாள், "எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் உங்க கை எழுத மாட்டேன்னுச்சா சார்?" என்று கேட்டார்.

என் தங்கைக்குக் காசநோய் கிடையாது. இதைச் சொல்லாவிட்டால் அந்த அறையிலேயே அவளுக்கு அந்த நோய் வரக்கூடும். சொன்னால் ஊசி நிற்கும். இந்தத் தாளைத் திட்ட அலுவலகத்துக்கு ஐந்து நாள் கழித்து அனுப்பும்படி கேட்டேன். அப்படி வழக்கமில்லை, கையெழுத்தானதும் அனுப்ப வேண்டும் என்று ஆய்வாளர் சொன்னார்.

மேலே உள்ளதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. பத்தாவது ஊசி போட்டாயிற்று என்று நர்ஸ் போனில் சொன்ன பிறகு, பிற்பகல் மூன்று நாற்பதுக்குக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)