ஆறு டிரம் பழத்தோலும் நாலாவது மூடியும்

இல்லை மச்சான், அது சாராயம் இல்லை, அது ஆட்டுத் தீனி, பிறந்ததிலிருந்து சளி பிடித்த மூக்கை வைத்துக்கொண்டு நீ எனக்கு வாசனை சொல்லித்தர வேண்டாம் என்று நான் பேசிக்கொண்டிருந்தபோது, ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதுகிற ஐயா மேசையைத் தட்டி, "பெரியவரே, உங்க மச்சான் இங்க இல்ல. அவரு வீட்டுல குறட்டை விட்டுத் தூங்குறாரு. என்னைப் பார்த்துப் பேசுங்க. பேரு?" என்று கேட்டார். தெருவில் என்னைத் தோல்காரர் என்பார்கள். வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு, அதைச் சொல்லிக் கூப்பிட்ட அம்மா போய் நாற்பது வருடம் ஆகிவிட்டதால் அது துருப்பிடித்துக் கிடக்கிறது, எழுதினால் உங்கள் பேனா முள் கெட்டுவிடும் என்றேன். ஐயா சிரிக்கவில்லை. வயது எழுபத்தொன்றோ எழுபத்துமூன்றோ, நடுவில் இருப்பதைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். முகவரி, ஜூஸ் கம்பெனியின் பின்சுவரை ஒட்டிய தெரு, கடைசி வீடு. வழி கேட்டால், காற்று எந்தப் பக்கம் இனிக்கிறதோ அந்தப் பக்கம். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. தொழில் ஆடு வளர்ப்பது, பதினான்கு உருப்படி.

இன்று மத்தியானம் என் கொட்டகையிலிருந்து போலீஸார் எடுத்துவந்த ஆறு நீல டிரம்களும் என்னுடையவை. அவை சாராயம் காய்ச்ச ஊறப்போட்டவை என்றும், ஐந்து மணிக்கு அவற்றைச் சாக்கடையில் கொட்டி அழிக்க வேண்டும் என்றும் பெரிய ஐயா உத்தரவு போட்டிருக்கிறார். கொட்டிவிட்டால் மழை இறங்கும்வரை என் ஆடுகளுக்கு வாயில் வைக்க ஒன்றும் இல்லை. புல் காய்ந்து தரையோடு ஒட்டி இரண்டு மாதம் ஆகிறது. ஆகவே டிரம்மில் என்ன இருக்கிறது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஜூஸ் கம்பெனியில் பழம் உள்ளே போகிறது, சாறு முன்வாசல் வழியாக லாரியில் போகிறது, தோலும் சக்கையும் பின்வாசலுக்கு வருகின்றன. முன்பெல்லாம் அதைப் பள்ளத்தில் கொட்டுவார்கள், ஈ மொய்க்கும். நான் கேட்டு வாங்க ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. தோல் சீவும் மேசையில் இருக்கிற பெண்கள் எனக்காகக் கூடையில் தனியாகப் போட்டு வைப்பார்கள். அவர்களுக்குத் தலைவியான அம்மாள், "தாத்தா, இன்னைக்கு அன்னாசி. தோலெல்லாம் முள்ளு. உங்க ஆடு திங்குமா?" என்று கேட்பாள். "எனக்கு வாச்சவளுக்கு நாக்கெல்லாம் முள்ளு. நானே முப்பத்தெட்டு வருஷம் ஓட்டலையா? ஆட்டுக்கு என்ன நோவு?" என்பேன். மேசை முழுக்கச் சிரிக்கும். என் வீட்டுக்காரி உயிரோடு இருந்தபோதும் இதையே சொல்வேன், அவளும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து பதில் கொடுப்பாள்.

பழத்தோல் ஒரு நாள் தாங்கும், மறுநாள் புளிக்கும், மூன்றாம் நாள் பொங்கும். பொங்கினதைத் தின்றால் ஆட்டுக்கு வயிறு ஊதும். அதனால் வந்த அன்றே மாங்கொட்டையைப் பொறுக்கி எறிந்துவிட்டு, தோலை ஒரு வெயில் வாட்டி, அதன் பிறகு விரல் நீளத்துக்கு நறுக்கி, அதன் பிறகு வைக்கோலும் தவிடும் கொஞ்சம் உப்பும் கலந்து, டிரம்மில் ஒரு சாண் போட்டுக் காலால் மிதித்து, மேலே இன்னொரு சாண் போட்டு மிதித்து, இப்படி வாய்வரைக்கும் நிரப்ப வேண்டும். உள்ளே காற்று இருக்கக்கூடாது, அதுதான் இதில் சூட்சுமம். அதன் பிறகு பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, மூடி போட்டு, கல்லை ஏற்றி, மூன்று வாரம் திரும்பிப் பார்க்கக்கூடாது. இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, என் வீட்டுக்காரி. அவள் டிரம்முக்குள் இறங்கி மிதிப்பாள், நான் வெளியே நின்று கைத்தாளம் போடுவேன். "தாளம் போடுற கையால ரெண்டு கூடை தூக்கினா கொறஞ்சா போயிடுவ?" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வரும்.

மச்சான் என்பவர் அவளுடைய தம்பி. எனக்கு அடுத்த வீடு, இடையில் இடுப்பளவு சுவர். மூன்று வருடத்துக்கு முன் அவள் இறந்த அன்று, வந்தவர்கள் எல்லாரும் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. "பாத்தியா மச்சான், கல்யாணம் ஆனதுலேருந்து இன்னைக்குத்தான் உங்கக்கா குறுக்கே பேசாம நான் சொல்றதக் கேட்டுக்கிட்டுருக்கா" என்று சொல்லிவிட்டேன். மச்சான் எழுந்து, "அக்கா கிடக்கும்போதுமா உனக்கு வாய் நிக்கல?" என்று கேட்டுவிட்டுப் போனவர், அதன் பிறகு என் வாசல்படி ஏறவில்லை. சுவரில் துணி காயப்போட வந்தால்கூட முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டுதான் காயப்போடுவார். அவருடைய வேட்டியும் எனக்கு முதுகைக் காட்டித்தான் தொங்கும்.

இன்றைய சம்பவம் பின்வருமாறு. மதியம் இரண்டு மணிக்கு நான் கம்பெனிப் பின்வாசலில் ஆரஞ்சுச் சக்கை வாங்க நின்றேன். இன்று உள்ளே மாம்பழக் கூழ் கொதித்தது. கூழ் கொதிக்கிற நாளில் எங்கள் தெருவில் காற்றுக்கே எடை கூடிவிடும், கதவுகள்கூட மெதுவாகத்தான் சாத்தும். கூடையைத் தூக்கிக்கொண்டு நான் தெருமுனைக்கு வந்தபோது, என் ஆடுகள் பதினான்கும் நடுரோட்டில் நடந்து வந்துகொண்டிருந்தன. வழக்கம்போல முட்டிக்கொண்டு வரவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, தண்ணீருக்குள் நடப்பதுபோல, ஒரு காலைத் தூக்கினால் அதைக் கீழே வைக்கலாமா என்று யோசித்து யோசித்து வந்தன. முன்னால் வந்த கருப்பி என்கிற ஆடு தன் நிழலைப் பார்த்து நின்று, அதைத் தாண்டுவதற்கு அனுமதி கேட்பதுபோல ஒரு தடவை கத்தியது. அதன் பிறகு எல்லாம் ரோட்டின் நடுவிலேயே கால் மடக்கி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டன.

அந்த வழியாக வந்த பஸ் நின்றது. டிரைவர் ஹாரன் அடிக்கக் கையை வைத்தவர் அடிக்காமல் எடுத்துவிட்டு எஞ்சினை அணைத்தார். எதற்காக என்று அவருக்கும் தெரிந்திருக்காது. பின்னால் வந்த வண்டிகளும் அணைந்தன. அதன் பிறகு தெருவில் ஆடுகள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது, பதினான்கு மூச்சும் ஒரே மூச்சாகக் கேட்டது. பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கி, குழந்தை தூங்கும் அறைக்குள் நடப்பதுபோல நுனிக்காலில் நடந்து போனாள்.

ஆடுகளுக்கு நடுவில் மச்சான் உட்கார்ந்திருந்தார். ஒரு கை கருப்பியின் கழுத்தில் இருந்தது, இன்னொரு கையில் என் வீட்டு டம்ளர். அதன் பிறகு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மூன்று வருடத்தில் முதல்முறையாக முகத்துக்கு நேராகப் பார்த்து, "மச்சான், கேக்குதா? அக்கா ஆட்டைக் கூப்பிடுறா. நாக்கத் தட்டித் தட்டிக் கூப்பிடுறா பாரு" என்றார். ஆடுகள் எல்லாம் கண் திறக்காமலே காதை மட்டும் கம்பெனிச் சுவர்ப் பக்கம் திருப்பின. உங்களுக்கும் கேட்டதா என்று எழுதுகிற ஐயா என்னைக் கேட்டார். நான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. கேட்டது. அதை எழுதுவதும் விடுவதும் ஐயா இஷ்டம்.

அதன் பிறகு போலீஸ் ஜீப் வந்தது. ஜீப்பில் வந்தவர்கள் மச்சான் வாயை முகர்ந்துவிட்டு எங்கே குடித்தாய் என்று அதட்டினார்கள். மச்சான் பயந்த சுபாவம், பல் டாக்டரிடமே கையெடுத்துக் கும்பிடுகிறவர். அவர் என் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டி, "அங்க ஆறு டிரம்ல ஊற வச்சிருக்கான்" என்றார். அவர் சொன்னது புகார் இல்லை, பயத்தில் கை போன திசை. அதன் பிறகு போலீஸார் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தபோது நாலாவது டிரம் சாய்ந்து, மூடி ஒரு பக்கமும் கல் ஒரு பக்கமும் கிடந்தன. உள்ளே நுரை இருந்தது, நெடி மூக்கைப் பிடித்தது. அதை வைத்து ஆறும் சாராயம் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒரு பிள்ளை பெயிலானால் வகுப்பையே பெயில் போட்ட வாத்தியார் எனக்கும் ஒருவர் இருந்தார். நான் பாதியில் நின்றதே அதனால்தான்.

இந்த மேசைமேல் ஆறு டிரம்மிலிருந்தும் எடுத்த ஆறு பாட்டில்கள் நம்பர் ஒட்டி இருக்கின்றன. இரண்டாவதைத் திறந்து முகரும்படி ஐயாவைக் கேட்டுக்கொண்டேன். அவர் தயங்கினார். "முகர்ந்தா கேஸ் ஆகாதுய்யா. நான் வேணும்னா கண்ணை மூடிக்கிறேன்" என்றேன். அவர் முகர்ந்தார். "தயிர் மாதிரில்ல இருக்கு" என்றார். ஒன்று, மூன்று, ஐந்து, ஆறும் அப்படியே இருந்தன. அதன் பிறகு நாலாவதை முகர்ந்துவிட்டுத் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். காற்றுப் படாத ஐந்தும் தீனியாகவே இருக்கின்றன. நாலாவதில் மட்டும் தினமும் மூடி திறந்திருக்கிறது, காற்றுப் பட்டிருக்கிறது, அதனால் பொங்கிவிட்டது. திறந்தவர் மச்சான். சுவர் ஏறி வந்து, ஒரு டம்ளர் மொண்டு குடித்துவிட்டு, மூடியை அரைகுறையாக வைத்துவிட்டுப் போவது அவர் வேலை. இன்று மூடவே இல்லை. ஆடுகள் டிரம்மைச் சாய்த்துத் தின்றுவிட்டன. யாருக்கும் வயிறு ஊதவில்லை, கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தூக்கம் தெளிந்தால் சரி என்றார்.

"ஒம்பது வருஷமா டிரம் போடுறீங்க. மூடி தெனமும் திறந்து கிடந்தது உங்க கண்ணுல படலையா?" என்று ஐயா கேட்டார். எனக்கு ஒரு கண்ணில் புரை, இன்னொரு கண்ணில் கருணை என்றேன். "வெளையாடாதீங்க பெரியவரே, தெரியுமா தெரியாதா?" என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, பின்பக்க முற்றத்தில் டிரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. ஐயா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பாட்டில்களைப் பார்த்தார். "இருங்க, நாலாவத மட்டும் கொட்டச் சொல்லிட்டு வரேன். மத்த அஞ்சும் உங்களுக்குத்தான்" என்று பேனாவை வைத்துவிட்டு எழுந்து

அய்யா எழுந்து போய்விட்டார். பேனா இங்கேயே இருக்கிறது. மீதியை நானே எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் மூன்றாம் வகுப்பு வாத்தியாரைக் கேட்கவும்.

மூடி திறந்தது எனக்கு முதல் நாளே தெரியும். கொட்டகைக்கு வெளியே நின்று பார்த்தேன். மச்சான் குடித்துவிட்டு உடனே போகவில்லை. என் வீட்டுக்காரி மிதிக்கும்போது பிடித்துக்கொள்ளும் கயிறு இன்னும் அங்கே தொங்குகிறது, அதற்குக் கீழே உட்கார்ந்து ஆடுகளிடம் ஒரு மணிநேரம் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்பது கேட்கவில்லை. மறுநாளும் வந்தார். மூடிமேல் இன்னும் ஒரு கல் ஏற்றி இருந்தால் டிரம் தப்பித்து இருக்கும். நான் ஏற்றவில்லை. மூன்றாம் நாள் அங்கே ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். இது என் குற்றம், மச்சான் மேல் எழுத வேண்டாம். ஆடுகள் தின்னும் என்று நினைக்கவில்லை, அதற்கு அவற்றிடம் மன்னிப்பு கேட்கிறேன்.

அய்யா, அஞ்சு டிரம் கொடுத்ததற்குக் கும்பிடு. நாலாவதிலும் கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்லுங்கள். ஆட்டுக்கு இல்லை, ஆடு எட்டாத உயரத்தில் வைத்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் நாளை மத்தியானம் மச்சான் எதைச் சாக்கு வைத்து வருவார்?

மேலே வாயால் சொன்னதும் கீழே கையால் எழுதியதும் நிஜம். படித்துக் காட்ட ஆள் இல்லாததால் நானே எனக்குப் படித்துக்கொண்டேன்.

தோல்காரர்