நான் சொன்னது என் பெயர்தான்

என் பெயர் ஐனோ ரௌதியோ. வயது பதினேழு. தாயார் பெயர் கிர்ஸ்டி. மினசோட்டா மாநிலம் டுலூத் நகரில், மேட்டுத் தெரு ரொட்டிக்கடைக்கு மேல் உள்ள மாடி வீட்டில் தாயாருடன் குடியிருக்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டேன். வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொல்வார்கள், என்னால் முடியவில்லை. வேறு காரணம் இல்லை. எனக்கு இன்னும் பதினெட்டு ஆகாததால் தாயார் பக்கத்தில் இருக்க இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

லோவெல் டாம்சிச் என்பவருக்குப் பயிற்சி வகுப்பில் நோயாளியாக நடித்துக்கொண்டிருந்தபோதே உண்மையில் பக்கவாதம் வந்தது. அவர் மகளாக நடித்த நான் அப்போது நிறுத்தச் சொல்லும் குறிப்பைக் கொடுத்தேனா என்பதுதான் கேள்வி என்று இதை எழுதிக்கொள்ளும் விசாரணை அதிகாரி சொன்னார். கொடுக்கவில்லை என்று வகுப்பை நடத்திய நிறுவனம் எழுதிக் கொடுத்திருக்கிறது. நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன் என்று லோவெலின் மனைவி மார்லிஸும் நம்புகிறார். மருத்துவமனைக்கு நான் போனபோது அறைக் கதவை உள்ளிருந்து சாத்திவிட்டார்.

அந்த வகுப்பு நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கானது. அவர்கள் டாக்டர்கள் அல்ல, ஆனாலும் நோயாளியைச் சோதித்து மருந்து எழுதிக் கொடுக்க உரிமம் பெற்ற நர்ஸ்கள். உரிமத்தைப் புதுப்பிக்க அவ்வப்போது இப்படிப்பட்ட வகுப்புகளுக்கு வந்தாக வேண்டும். இந்த முறை மூளை, நரம்பு வியாதிகள் பற்றிய பாடம். ஏரிக்கரையில் ஒரு விடுதியில் நடந்தது. என் தாயார் அங்கே துணி வெளுக்கும் பிரிவில் இருப்பதால் எனக்கு இந்த வேலை கிடைத்தது. பேச வேண்டிய வரிகள் குறைவு, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும் என்று சொன்னதால் ஒப்புக்கொண்டேன்.

லோவெல் முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அவருக்குக் கொடுத்த வேடம், இடது கை விழுந்துபோய், அந்தக் கை தன்னுடையது என்பதே தெரியாத நோயாளி. வகுப்புக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கையைக் காட்டிக் கேட்டால், “இதுவா? யாரோ படுக்கையில மறந்து வச்சிட்டுப் போயிட்டாங்க. வரவேற்புல குடுத்திடுங்க” என்பார். சாப்பாட்டு வேளையிலும் அந்தக் கையைத் தொங்கவிட்டே வைத்திருந்தார். “என்ன பொண்ணே, அப்பன் சாகக் கிடக்கேன், நீ பாட்டுக்கு சீஸைத் தின்னுட்டிருக்கே. ஒரு சொட்டு அழக்கூடாதா?” என்று என்னைக் கேலி செய்தார். நான் சிரித்தேன்.

நடிப்பவருக்கு உண்மையிலேயே ஏதாவது வந்தால் ‘உதவி’ என்றோ ‘போதும்’ என்றோ சொல்லிப் பயனில்லை, நடிப்பிலும் அதையே சொல்வார்கள். ஆகவே சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. கதையில் லோவெல் பெயர் ஹரால்ட், என் பெயர் பெத். வேறு பெயர் காதில் விழுந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று வகுப்புக்கு வந்தவர்களுக்கும் சொல்லியிருந்தார்கள். எங்கள் சொந்தப் பெயர்கள் என்ன என்று அவர்களுக்குச் சொல்லவில்லை.

என் பெயர் ஃபின்லாந்துப் பெயர். ஆங்கிலத்தில் ‘ஐ நோ’, அதாவது ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்வது போலவே கேட்கும். பள்ளியில் பெயர் கூப்பிடும்போது இதை வைத்துச் சிரிப்பார்கள். அன்று அந்த ஏற்பாட்டைச் சொன்னபோது எனக்கு இது தோன்றவில்லை. ஏற்பாட்டைச் சொன்ன பொறுப்பாளர் பிரெண்ட் காலஹனுக்கும் தோன்றவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு வெர்னா ஸ்டாங்லண்ட் என்ற நர்ஸ் உள்ளே வந்தார். வயதில் என் தாயாரை விடப் பெரியவர். லோவெல் வலது கையில் காபிக் கோப்பையைத் தூக்கி ஒரு வாய் குடித்தார், அதன் பிறகு கோப்பை சாய்ந்து காபி போர்வையில் கொட்டியது. வேடத்தில் அப்படி ஒன்று இல்லை. அதன் பிறகு அவர் வாய் வலது பக்கம் தொங்கியது.

“ஹரால்ட், உங்க பேரைச் சொல்லுங்க பாப்போம்” என்றார் வெர்னா.

லோவெல் என்னைப் பார்த்தார். “பஸ்” என்றார். மறுபடி கேட்டதற்கு, “அந்த பஸ்… பஸ்” என்றார். அதன் பிறகு, தன்னுடையது இல்லை என்று காலையிலிருந்து சொல்லிவந்த அந்த இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுக்கமாக இருந்தது.

பக்கத்து அறையில் திரையில் பார்த்துக்கொண்டிருந்த பிரெண்ட் கதவு வழியாகத் தலையை நீட்டி, “நம்ம ஆளு இடது பக்கத்தை வலது பக்கமா மாத்திட்டாரு. வெர்னா, அசந்துடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் குழப்பமாக இருந்தது. பொறுப்பாளரே பார்த்துவிட்டுச் சிரிப்பதால் நடிப்பாகத்தான் இருக்கும் என்றும் நினைத்தேன், சட்டையைப் பிடித்த கையைப் பார்த்தால் அப்படியில்லை என்றும் நினைத்தேன்.

வெர்னா என் பக்கம் திரும்பி, “பெத், உங்க அப்பாவுக்குப் பக்கவாதம் வந்திருக்கும்மா” என்றார்.

நான் “ஐனோ” என்றேன்.

“தெரியுதுல்ல, நல்லது. பதறக்கூடாது.”

மறுபடி “ஐனோ” என்றேன்.

“உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியுதுடா கண்ணு. எப்ப ஆரம்பிச்சுதுன்னு மட்டும் சொல்லு.”

மூன்றாம் முறையும் சொன்னேன். “தெரியும்னா வாயைத் திறந்து சொல்லணும்ல” என்றார் வெர்னா. அதட்டலாகச் சொல்லவில்லை.

அந்தக் கேள்விக்கு ‘காலையில் எழுந்ததிலிருந்தே’ என்பது நான் சொல்ல வேண்டிய வரி. அது வாய் வரை வந்தது. சொல்லவில்லை. லோவெல் தன் பெயரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார், அது அவருக்குக் கிடைக்கவில்லை என்று அப்போது தோன்றியது. அடுத்தவர் பெயரைச் சொல்லலாமா என்பது ஏற்பாட்டில் இல்லை. இருந்தாலும், “இவர் பேரு லோவெல்” என்றேன்.

வெர்னா பேனாவைக் கீழே வைத்தார். லோவெலின் இரண்டு கைகளையும் பிடித்து, “என் விரலை நசுக்குங்க” என்றார். அதன் பிறகு கதவைப் பார்த்து, “பிரெண்ட், இது நிஜம். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க” என்றார்.

“நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லலையே?”

“நான் சொல்றேன்.”

ஆம்புலன்ஸில் வந்தவர், “கடைசியா எப்ப நல்லா இருந்தாரு? அது தெரிஞ்சாத்தான் மருந்து குடுக்க முடியும்” என்று கேட்டார். பிரெண்ட், “காலையிலேர்ந்தே கை வராது… இல்ல, அது நடிப்பு” என்றார். “எது வரைக்கும் நடிப்பு?” என்று ஆம்புலன்ஸ்காரர் கேட்டார். காபி குடித்தது வரைக்கும் என்று நான் சொன்னேன். அதை வைத்து மருந்து கொடுத்ததாக டாக்டர் பின்னால் என் தாயாரிடம் சொன்னார். லோவெல் உயிரோடு இருக்கிறார். வலது கை கொஞ்சம் அசைகிறது. பேச்சு சரியாக வரவில்லை, சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் வந்திருக்கலாம் என்கிறார்கள்.

அன்றைய ஒளிப்பதிவை அதிகாரி எனக்குப் போட்டுக் காட்டினார். அதில் நான் ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்வதாகத்தான் நிறுவனம் சொல்கிறது. திரும்பத் திரும்பக் கேட்டேன். என் காதுக்கும் அப்படித்தான் விழுந்தது. நீ சொன்னது இரண்டில் எது என்று அதிகாரி கேட்டார். மூன்று முறையும் நான் சொன்னது என் பெயர்தான். ஆனால் இவருக்கு நிஜமாகவே வந்திருக்கிறது என்று உனக்குத் தெரியுமா என அப்போது யாராவது கேட்டிருந்தால், அதற்கும் இதே சத்தத்தைத்தான் எழுப்பியிருப்பேன். இது வேறு, அது வேறு என்று பிரித்துக் காட்ட என்னிடம் இன்னொரு குரல் இல்லை.

நான் சொல்லச் சொல்ல அதிகாரி எழுதியதை எனக்கும் தாயாருக்கும் வாசித்துக் காட்டினார். நான் முதல் முறை சொன்ன இடத்தில் ‘எனக்குத் தெரியும் என்றேன்’ என்று எழுதியிருந்தார். அது என் பெயர் என்று சொன்னேன். அதை அடித்துத் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஐனோ ரௌதியோ
உடனிருந்தவர்: கிர்ஸ்டி ரௌதியோ, தாயார்