‘வேற என்ன?’ என்று கேட்டவருக்கு

ஆறாம் அறையின் அச்சாணியே! அதட்டும்போதும் அன்பு குறையாத அக்காவே! இரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை விழுங்குவோர் அத்தனை பேருக்கும் பச்சைக் குறிப்பேட்டில் எண் எழுதிக் கொடுத்த எழிலரசியே! முப்பத்தோராண்டுச் செவிலியர் பணியை முடித்து முகம் மலர்ந்து அமர்ந்திருக்கும் உங்கள் முன், உடன் உழைத்த நாங்கள் கொஞ்சம் பெருமையோடும் நிறையக் கூச்சத்தோடும் படிக்கும் மடல் இது.

இரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் அந்த எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றால் உங்கள் முகத்தில் சிரிப்பு. குறைந்தால் இரத்தம் கட்டிவிடும், கூடினால் கசிந்துவிடும் என்பதால் நெற்றியில் சுருக்கம். உடனே கேள்வி வரும்: “வேற என்ன சாப்பிடுறீங்க?” எதிரில் இருப்பவர் கூசாமல், “ஒண்ணுமே இல்லைங்க” என்பார். நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு, கைகட்டி, வாய் திறவாமல் பார்ப்பீர்கள். அந்தப் பார்வைக்குத் தப்பியவர் யார்? பையிலிருந்து பூண்டு மாத்திரை வரும், மகள் அனுப்பிய மீன் எண்ணெய் வரும், பக்கத்து வீட்டுக்காரர் பரிந்துரைத்த மஞ்சள் சாற்று மாத்திரையும் வரும். மூன்றுமே இந்த மாத்திரையோடு சேர்ந்தால் இரத்தத்தை இன்னும் இளக்கிவிடக்கூடியவை.

“இது மருந்து இல்லம்மா, வெறும் சத்து மாத்திரை” என்று வாதாடினார் ஒரு பேருந்து ஓட்டுநர். “அது உங்க ரத்தத்துக்குத் தெரியுமா?” என்றீர்கள். மனிதர் குப்பியை மேசைமேல் வைத்தார். ஆனாலும் எதையும் நீங்கள் பிடுங்கிக் குப்பையில் போட்டதில்லை. பெயரைக் குறித்து, “டாக்டர் சொல்லாம எதையும் ஆரம்பிக்காதீங்க, எதையும் நிறுத்தாதீங்க” என்று மருத்துவரிடம் அனுப்பி வைப்பீர்கள்.

இவ்வளவையும் அன்றாடம் பக்கத்திலிருந்தே கேட்ட நாங்கள் செய்த காரியத்தை இந்தச் சபையில் சொல்லாவிட்டால் எங்களுக்குச் சோறு இறங்காது.

உங்கள் இதயத்துடிப்பு தாளம் தப்பியதால் இரண்டாண்டாக நீங்களும் அதே மாத்திரை சாப்பிடுகிறீர்கள். அது எங்கள் அனைவருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், நீங்கள் முப்பதாண்டு நிறைத்த நாளில் தங்கநிறத் தாள் சுற்றிய பெட்டி ஒன்றைக் கைதட்டலோடு கொடுத்தோம். உள்ளே மூன்று குப்பிகள்: பூண்டு, மீன் எண்ணெய், மஞ்சள் சாறு! மெத்தப் படித்த எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இரண்டு மாதத்தில் பல் துலக்கினால் ஈறில் இரத்தம். அலமாரி முனை இலேசாக இடித்ததற்கு முழங்கை முழுக்க நீலம். உங்கள் எண் ஐந்தைத் தாண்டியது. ஆய்வகத்துத் தம்பியின் இயந்திரத்தைக் குறை சொன்னீர்கள். அவர் இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. மருத்துவர் கேட்டதற்கு நீங்களும், “வேற ஒண்ணும் இல்ல டாக்டர்” என்றே சொன்னீர்கள். தலைக்குள் கசிந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்.

மருத்துவர் கேட்ட மறுநாள் காலை, பதினெட்டு ஆண்டுகளாக உங்கள் மேசைக்கடியில் பெருக்கும் துப்புரவு அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

“அக்கா, வேற என்ன சாப்பிடுறீங்க?”

“ஒண்ணும் இல்லம்மா.”

அவர் நகரவில்லை. உங்களைப் போலவே கைகட்டி நின்றார். கடைசியில் நீங்கள்தான் வாய் திறந்தீர்கள்:

“எல்லாரும் ஆசையா ஒரு பெட்டி குடுத்தீங்களே... தினமும் போட்டுக்கறேன். ஆனா அது மருந்து இல்லையே, அது அன்புல்ல!”

எங்களில் ஒருவரும் தலை நிமிரவில்லை. உங்களுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. மருத்துவர் குப்பிகளை நிறுத்தச் சொல்லி, மாத்திரை அளவையும் பார்த்துத் திருத்தினார். சில வாரத்தில் எண் இறங்கி வந்தது, எங்களுக்கும் உயிர் வந்தது.

வேறொருவராக இருந்தால் மூடி மறைத்திருப்பார். நீங்களோ உண்மை வெளிவந்த மறுநாளே வெளி பெஞ்சில் காத்திருந்தவர்கள் நடுவில் நின்று, “கேக்கற நானே சொல்லாம விட்டேன்” என்று முழங்கையின் நீலத்தைக் காட்டினீர்கள். கேட்காமலே பைகள் திறந்தன. முப்பத்தோராண்டில் நீங்கள் செய்த மிகப் பெரிய பணி அதுதான் என்பது எங்கள் எண்ணம்.

ஆகவே, அக்கா, இன்று பெட்டி இல்லை. எங்கள் பரிசு, ஈறு நோகாத மெல்லிய பல்துலக்கி ஒன்றும், முதல் பக்கத்தில் உங்கள் பெயர் எழுதிய பச்சைக் குறிப்பேடு ஒன்றும். உங்கள் எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவிலேயே நெடுங்காலம் நிலைக்கட்டும்! நடை தளராமல், நகை குறையாமல், நீங்கள் நூறாண்டு நலமாக இருங்கள்! மாதம் ஒருமுறை இதே அறைக்கு வருவீர்கள். இனி மேசைக்கு எதிர்ப்பக்கம் உங்களுக்கு, கேள்வி எங்களுக்கு. “ஒண்ணும் இல்ல” என்று நீங்கள் சொன்னால், கைகட்டிக்கொண்டு காத்திருப்போம்.

இங்ஙனம்,
கேட்கத் தெரிந்த துப்புரவு அம்மாள் முதலாக,
கேட்டும் விடை பெறாத மருத்துவர் ஈறாக,
ஆறாம் அறைப் பணியாளர்கள்